மலையடிவாரத்தில் கடல் தொட்டி: மீன் வரட்டும், பவளம் கடலிலேயே இருக்கட்டும்

கடல் மீன் வளர்ப்பு என்பது கடற்கரைக்காரர் பாடு, மலையடிவாரத்தாருக்கு அதில் வேலை இல்லை என்று நினைப்பது இயல்பே. தென்காசியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை திருநெல்வேலி வழியாகச் சற்றேறக்குறைய 105 கிலோ மீட்டர். ஆனால் குற்றாலத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு அவ்வளவு தூரத்தது அல்ல. பேரருவியில் விழுந்த நீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குள் போய்ச் சேருகிறது. அந்த வளைகுடாவில்தான் தமிழ்நாட்டின் பெரிய பவளத்திட்டுகள் இருக்கின்றன. ஆகவே பவளத்தைப் பற்றிப் பேச குற்றாலத்துக்காரருக்கும் உரிமை உண்டு. ஓரளவு கடமையும் உண்டு.

வீட்டுக் கூடத்திலோ விடுதியின் வரவேற்பு அறையிலோ கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் பாறை அடுக்கி, கோமாளி மீன்கள் நீந்த விடுவது இன்று எட்டாத காரியம் அல்ல. விளக்கு, மோட்டார், உப்புக் கலவை எல்லாம் பெருநகரக் கடைகளிலிருந்து தபாலிலேயே வந்துவிடும். கேள்வி அது அல்ல. தொட்டிக்குள் எதை விடுவது, அது எங்கிருந்து வந்தது, பிறகு அந்த உப்பு நீர் எங்கே போகிறது என்பவைதாம் கேள்விகள். கடைக்காரர் இம்மூன்றுக்கும் விடை சொல்வதில்லை. தொட்டி வைக்க விரும்புகிறவர் தாமே விடை தேடிக்கொண்டு இறங்குவது நல்லது.

பவளம் ஏன் வேண்டாம்?

பவளம் கல் அல்ல, உயிர். கடுகளவுப் பூச்சிகள் பல்லாயிரம் ஒன்றாகக் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள்ளே ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அது சமைக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும், வெப்பம் தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இப்படிப் பெரிய வெளுப்பு ஏற்பட்டது. நடுக்கடலிலேயே இந்த நிலை என்றால், சித்திரை வெயிலில் தென்காசித் தெருவில் மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றுபோன ஒரு கண்ணாடித் தொட்டியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் வரை வரிசையாக உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001ல் கல் பவள வகைகள் அனைத்தும், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளத்தைப் பொறுத்தவரை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்புதான். குற்றம் மெய்ப்பட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரோடு இருக்கும் பவளத்துக்கு மட்டும் அல்ல, காய்ந்த துண்டுக்கும் சட்டம் பொருந்தும். கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பவளக் கிளையும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

சட்டம் வருவதற்கு முன் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றார்கள். பவளத்திட்டு என்பது தீவுக்குக் கரை கட்டிய வரப்பு. வரப்பை வெட்டினால் வயல் நிற்குமா? விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற 2015 முதல் சிமெண்டு வார்ப்புகளைக் கடலடியில் வரிசையாக இறக்கிச் செயற்கைத் திட்டு அமைக்க வேண்டியதாயிற்று. வெட்டியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குகிறவர் இருந்தார்; வெட்டுகிறவர் வெட்டினார். அன்றைக்குச் சுண்ணாம்பு வாங்கியவர் இருந்த இடத்தில் நாளைக்குத் தொட்டி அலங்காரம் வாங்குகிறவர் நிற்கக்கூடாது.

வெளிநாட்டுப் பவளம் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். கல் பவளம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினம். உரிய அனுமதிப் பத்திரங்களோடு இறக்குமதி செய்வது நிறுவனங்களுக்கே பெரும் வேலை. வீட்டுக்காரருக்கு அது தலைவலி. "இது இந்தோனேசியச் சரக்கு" என்று கடைக்காரர் வாயால் சொல்வது பத்திரம் ஆகாது.

பவளத்தை விட்டுவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, லாபம்தான் என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டிச் செலவில் பெரும்பங்கு பவளத்துக்காகவே ஆகிறது. கடும் வெளிச்சம் தரும் விளக்கு, நீரைக் குளிர்விக்கும் இயந்திரம், கால்சியமும் மக்னீசியமும் நாள்தோறும் சொட்டுச் சொட்டாக விடும் ஏற்பாடு எல்லாம் பவளம் கேட்பவை. மீன் இவற்றைக் கேட்பதில்லை. பவளத்தோடு வைத்தால் நல்ல கறவை மாட்டின் விலைக்குக் குறையாத செலவு, பவளம் இல்லாவிட்டால் அதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

தொட்டியும் இடமும்

கடல் தொட்டி சிறிதாக இருந்தால் சுலபம் என்று எண்ணுவது தவறு. நீர் குறையக் குறைய அதன் தன்மை சீக்கிரம் மாறும். கையளவு வயலில் ஒரு நாள் காய்ச்சலும் பயிரைப் பாதிப்பது போலத்தான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும்; பாறையும் மேல் விளிம்பும் போக 220 லிட்டர் நீர் நிற்கும். முதல் முறை வைப்பவருக்கு இந்த அளவு பொருத்தம். கண்ணாடி 10 மில்லி மீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது. நீர், பாறை, கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். ஆகையால் மாடியில் நடு அறையில் வைக்காமல், கீழ்த்தளத்தில் சுவரை ஒட்டி வைப்பதே சரி. ஜன்னல் வழியாக வெயில் விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் விழுந்தால் பாசி மண்டிவிடும்.

உஷ்ணநிலை 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. இதில் குற்றாலத்துக்கு ஒரு சலுகை உண்டு. ஆனி, ஆடி, ஆவணிச் சாரலில் தொட்டியைக் குளிர்விக்கக் கருவி எதுவும் வேண்டாம். மாசி முதல் வைகாசி வரைதான் கவனம். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய மின்விசிறி காற்று வீசினாலே இரண்டு டிகிரி வரை குறையும். மண்பானை நீர் குளிரும் அதே வித்தைதான். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும் என்பதை மறக்கக்கூடாது.

நீரும் உப்பும்

தொட்டி நட்டமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. பிறகுதான் கல்லுப்பு விளைகிறது. மக்னீசியம், பொட்டாசியம் முதலியவை கடைசியில் திறந்துவிடும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. ஆகவே உப்பளத்து உப்பு என்பது கடலின் ஒரு கூறு மட்டுமே. அதைக் கரைத்த நீரில் கடல் மீன் நெடுநாள் வாழாது. தொட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட உப்புக் கலவையே வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், 220 லிட்டருக்குச் சுமார் 8 கிலோ ஆகும். கரைத்த நீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் வேலை இங்கே உதவாது.

கடல்நீரையே கொண்டுவருவதும் முடியும். துறைமுகத்தையும் ஆலைகளையும் விட்டு விலகி, படகில் சற்று உள்ளே சென்று எடுத்த நீராக இருக்க வேண்டும். 250 லிட்டர் ஒரு குட்டியானை வண்டிக்குப் பெரிய பாரம் இல்லை. ஆனால் டிரம் எது என்று பார்க்க வேண்டும். பூச்சிமருந்து இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அது பூச்சிமருந்து டிரம்தான். கொண்டுவந்த நீரை இருட்டில் மூடி இரண்டு வாரம் வைத்திருந்து, தெளிந்த பிறகு எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரக் கடல்நீரின் உப்பு குறைந்து கலங்கிக் கிடக்கும். அப்போது எடுப்பதில் பொருள் இல்லை.

உப்பைக் கரைக்க நன்னீர் எது? குற்றாலத்து நீர் மென்னீர், ஆகவே சிறந்தது என்பார்கள். மென்னீர் என்பது உண்மை. ஆனால் சீசனில் சிற்றாற்றில் ஓடிவருவது மலையின் இலைதழைச் சாறும் குளிப்பவர்களின் எண்ணெயும் கலந்த நீர். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த 2014ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அருவிக்குத் தடை வேண்டியிருந்த நீரைத் தொட்டிக்குள் விடலாமா? குழாய் நீரில் குளோரின் இருக்கும். சவ்வுவடி இயந்திர நீர் நல்லது. அதைவிட மலிவானது சாரல் மழை. முதல் இரண்டு நாள் மழையில் கூரை கழுவப்பட்ட பிறகு, சுத்தமான காரைத் தளத்திலிருந்து பிடித்த மழைநீரில் உப்புச்சத்து அநேகமாக எதுவும் இருக்காது. துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையிலிருந்து பிடிக்கக் கூடாது. துத்தநாகமும் செம்பும் கடலின் முதுகெலும்பற்ற உயிர்களுக்குக் கடும் நஞ்சு. செம்புக் குடத்தில் நீர் மொள்வதும், தோட்டத்தில் போர்டோ கலவை தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். தோட்டக்காரர் வீடுகளில் இது அற்ப விஷயம் அல்ல.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. தரைக்கு மேல் உப்புப் பூத்த களர் நிலத்தைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். ஆகவே வற்றிய அளவுக்கு நன்னீரைத்தான் விட வேண்டும். 10 லிட்டர் வற்றியதற்கு 10 லிட்டர் உப்பு நீரை விட்டால் 350 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும்.

ஆறு வாரப் பொறுமை

பாறைக்குக் கடலைத் தேட வேண்டாம். வான் தீவுக் கடலில் இறக்கியது போலவே சிமெண்டும் மணலும் கலந்து கரடுமுரடாக வார்த்த துண்டுகள் போதும். அவற்றைப் பல வாரம் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, காரம் இறங்கிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். பொந்தும் பொத்தலுமாக இருந்தால்தான் மீனுக்கு ஒளியிடம். அதைவிட முக்கியமாக, நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பு.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொன்று நைட்ரேட் ஆக்குகிறது. வயலில் போட்ட யூரியா அமோனியாவாகி நைட்ரேட்டாக மாறும் அதே வேலைதான். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் கேடு குறைந்தது. இந்த பாக்டீரியாக்கள் பாறையில் பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டு, மோட்டாரை ஓட்டிக்கொண்டு, மீன் இல்லாத வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் முதல் வாரமே மீன் வாங்கியவர்கள்தாம் "கடல் மீன் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று சொல்லித் திரிகிறவர்கள். நாற்றங்காலைத் தயார் செய்யாமல் விதை தெளித்துவிட்டு விதையைக் குறை சொல்வது போன்றது அது.

வடிகட்டிக்குத் துணையாக நுரைபிரிப்பான் என்ற கருவி உண்டு. பேரருவியின் அடியில் நுரை திரள்வதைப் பார்த்திருப்பார்கள். நீரில் கரைந்த கழிவுகள் காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும் தத்துவம்தான் இது. இது இருந்தால் நீர் மாற்றும் வேலை குறையும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரோ பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்போ கட்டாயம். கடல்நீரில் பிராணவாயு நன்னீரைவிடக் குறைவாகவே கரையும்.

எந்த மீன்?

கோமாளி மீனுக்கு உலகெங்கும் மவுசு ஏறியது 2003ல் வெளிவந்த ஓர் அமெரிக்க கார்ட்டூன் படத்துக்குப் பிறகு. படத்தின் கதையே கடலிலிருந்து மீனைப் பிடித்துத் தொட்டியில் அடைப்பது தவறு என்பது. பார்த்தவர்கள் கடைக்குப் போய் அதே மீனைக் கேட்டதுதான் வேடிக்கை. நல்லவேளையாக, கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்க முடியும். 1947ல் தொடங்கப்பட்டு, 1971ல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இந்தத் தொழில்நுட்பம் சீராக்கப்பட்டது. இவற்றைப் போன்ற பொரிப்பகத்தில் பிறந்த மீனையே வாங்க வேண்டும்.

பொரிப்பக மீன் பிறந்ததிலிருந்தே தொட்டிநீருக்கும் குருணைத் தீனிக்கும் பழகியது. கடலில் பிடித்த மீன் அப்படி அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கெட்ட வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் துள்ளும். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் செத்துப்போகும். வாங்கியவர் நீரைக் குறை சொல்வார்.

220 லிட்டர் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீனும், அதோடு சிறிய மீன்கள் மூன்று நான்கும் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல் இரண்டு வார இடைவெளியில் விட வேண்டும். டாம்செல் மீன் மலிவு, நீல நிறத்தில் மினுங்கும்; ஆனால் முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தனக்கே பட்டா என்று மற்றவற்றைத் துரத்தும். அதைக் கடைசியில் விடுவதே நல்லது. வண்ணத்துப்பூச்சி மீனில் பல வகைகள் பவளப் பூச்சியைத் தின்று வாழ்பவை. வேறு தீனி தொடாமல் பட்டினியில் சாகும். அழகுக்கு மயங்கி வாங்கக் கூடாது. கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்துவார். பொரிப்பகத்தில் அது இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீனுக்கு அது தேவையில்லை. கடலிலிருந்து பெயர்த்து வந்த சாமந்தி வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் வெளிச்சம் போதாமல் சுருங்கி, அழுகி, நீரையும் கெடுக்கும்.

தீனியைச் சிறுகச் சிறுக, நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கே போட வேண்டும். ஆர்ட்டிமியா என்ற உப்பு இறால் சிறந்த உயிர்த்தீனி. தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலேயே அது வாழ்கிறது. தொட்டிக்கு உதவாத உப்பு விளையும் இடத்தில் தொட்டி மீனின் தீனியும் விளைவது ஒரு விசித்திரம்.

உபதொழில் ஆகுமா?

ஆகும், ஆனால் விளம்பரங்களில் சொல்வது போல அல்ல. ஒரு ஜோடி கோமாளி மீன் ஒரு தடவைக்குச் சில நூறு முதல் ஆயிரம் வரை முட்டையிடும். மாதம் இருமுறை இடுவதும் உண்டு. ஆண் மீன்தான் காவல் இருந்து விசிறிக் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இருட்டிய பிறகு குஞ்சு வெளிவரும். அதன் வாய் மிகச் சிறியது. முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரும், அதற்குத் தீனியாக நுண்பாசியும் தனித்தனியே வளர்க்க வேண்டும். பசுவை வாங்கியவர் பசும்புல்லும் பயிரிட வேண்டியது போல, மீன் ஒரு பண்ணை, அதன் தீனி இரண்டு பண்ணை. ஆகவே தென்காசிக்காரர் ஒருவர் முட்டையிலிருந்தே தொடங்குவதைவிட, பொரிப்பகத்திலிருந்து குஞ்சு வாங்கி விற்பனை அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது பாதுகாப்பு. லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்கள், தேசிய மீன் மரபுவள நிறுவனத்தின் உதவியோடு அலங்கார இறால்களை இந்த முறையில் வளர்த்துக் காட்டினார்கள். 2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் கொல்லைப்புற வண்ணமீன் அலகுக்கு, கடல் மீனையும் சேர்த்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது.

சந்தைதான் சிக்கல். ஆயிரம் குஞ்சு வளர்ப்பது வேறு, ஆயிரம் விற்பது வேறு. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் வியாபாரம் பெரும்பாலும் நன்னீர் மீனை நம்பி வளர்ந்தது. கடல் மீன் வாங்குகிறவர் அதில் சிறு பகுதி. தென்காசிக்குச் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கேரளச் சந்தை கைக்கெட்டும் தூரம் என்பது ஒரு வசதி. வாங்குபவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே தொட்டி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதுவரை கடன் வாங்கி இதில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. நன்னீர் மீனில் கை பழகியவரே இதற்கு வரட்டும். தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டை வகை உண்டு. துடுப்பு இழை நீண்ட அந்த அழகு மீனுக்கு 1954ல் ஆற்றின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டவர் இ.ஜி.சைலஸ், பின்னாளில் கடல் மீன்வள நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். அருகிவரும் அந்த மீனை ஆற்றில் அள்ளாமல், உரிய அனுமதியோடு பண்ணையில் இனவிருத்தி செய்ய வழி கண்டால் அது தென்காசி மாவட்டத்துக்கே பெயர் வாங்கித் தரும்.

குற்றாலம் அயல்சரக்கை மறுக்கும் ஊர் அல்ல. மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் இங்கே கும்பெனியார் காலத்தில் வேர் பிடித்தவை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் இன்று சீசன் கடைகளில் உள்ளூர்ப் பழமாகவே விற்கின்றன. கோமாளி மீனும் அந்தத் தீவுகளின் கடலில் வாழ்வதுதான். நாற்றாக வந்து பண்ணையில் வளர்ந்த செடியும், காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியும் ஒன்றல்ல என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். மீனிலும் அதே கணக்கு.

இதில் சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பொரிப்பக மீன் எது, கடலில் பிடித்த மீன் எது என்று வாங்குகிறவருக்குக் கண்ணால் தெரியாது. விதைக்குச் சான்று அட்டை கட்டுவது போல, பொரிப்பக மீனுக்கும் அட்டை வேண்டும். சீசன் மாதங்களில் லட்சக்கணக்கானோர் கூடும் குற்றாலத்தில், மீன்வளத் துறை ஒரு கடல் தொட்டி வைத்து, அட்டை கட்டிய மீனை அங்கேயே விற்றால் அது நூறு துண்டுப் பிரசுரத்துக்குச் சமம். சென்னை மெரினாவில் 1909லேயே பொதுமக்களுக்குக் கடல் மீன் காட்சிசாலை திறந்த மாநிலம் இது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆளும் அறிவும் இல்லை என்று சொல்வதற்கில்லை.

உப்பு நீர் எங்கே போகும்?

பதினைந்து நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும். எடுத்த நீரில் 700 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஆண்டுக்கு 18 கிலோ. நிலத்து நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும். கடல்நீரில் அது 50க்கும் மேல். ஆகவே வாய்க்காலில் ஊற்றுவது பக்கத்து வயல்காரருக்குச் செய்யும் துரோகம். கிணற்றை ஒட்டிய உறிஞ்சுகுழியில் ஊற்றினால் சொந்தக் கிணறே கரிக்கும். தென்னங்குழிக்கு உப்பிடும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. காய்ப்புக்கு வந்த தென்னைகளுக்கு நன்னீர் கலந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மரத்துக்கு முறைவைத்து ஊற்றலாம். மரம் இல்லாதவர்கள் அகலத் தட்டில் வெயிலில் வற்றவிட்டு, உப்பைக் குப்பையோடு சேர்க்கலாம். நெல்லும் வாழையும் இருக்கும் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது.

அலுத்துப்போன மீனையோ பாசியையோ ஆற்றிலும் கடலிலும் கொண்டுபோய் விடுவது இன்னும் கேடு. வருமானத்துக்காகப் பாக் நீரிணையில் வளர்த்த அயல்நாட்டுக் கடற்பாசி ஒன்று, குருசடைத் தீவுக்கு அருகே பவளத்தின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து அதை மூடிக்கொன்றது 2008 வாக்கில் தெரியவந்தது. நன்னீரில், தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வந்த அயல்நாட்டுக் கெளுத்தி குளங்களில் பெருகி வலையைக் கிழிப்பதை மீனவர்கள் சொல்லக் கேட்கலாம். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்க வாங்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்குப் பட்டமும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலில் மழைநீரைப் பிடித்து மூடி வைத்துக்கொண்டு, அந்த மாதங்களிலேயே சிமெண்டுப் பாறையை ஊறவைத்துவிட வேண்டும். ஆடிக் கடைசியில் உப்புக் கரைத்துத் தொட்டியை ஓடவிட்டால் புரட்டாசி நடுவில் நீர் பக்குவமாகும். மீனைப் புரட்டாசிக்குள் வாங்கிவிடுவது மேல். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் கடற்கரைச் சாலை எப்போது துண்டிக்கும் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் தீவாகி நின்றதைப் பார்த்தோம். அப்போது வாங்கத் தவறியவர்கள் அவசரப்படாமல் தை வரை பொறுத்திருந்து வாங்கட்டும். மீன் இல்லாவிட்டாலும் தொட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வாரம் ஒரு துண்டு இறால் போட்டுவர வேண்டும்.